எஸ்றா 4:7உம் எங்கள் பெட்டிசமும்

எஸ்றா 4:7 என்ற வசனத்தை எந்தக் கலண்டரிலும் நாங்கள் கண்டதில்லை. கல்யாணக் காட்டில் அதைப் போடமாட்டார்கள். செத்தவீட்டு நினைவு மலரிலும் போடமாட்டார்கள். அதில் ஆறுதலும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. பாரசீக அரசன் அர்தசஷ்டாவின் காலத்தில் பிஸ்லாம், மித்திரேதாத், தாபெயேல் என்ற மூன்று பேரும் அவர்களோடு சேர்ந்த ஆட்களும் அரசனுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அது அரமேய எழுத்தில் எழுதப்பட்டு, மொழிபெயர்க்கப்பட்டு இருந்தது. செய்தி இவ்வளவுதான். கடிதத்தில் என்ன இருந்தது என்றுகூட அந்த வசனம் சொல்லாது.

இது எங்களிடம் வந்தது ஒரு ரியூட் வழியாக. நாங்கள் நாலு பேர், ஒரே போர்டிங் அறை. ஒருத்தி கிறிஸ்தவ நாகரிகம், ஒருத்தி மொழிபெயர்ப்பு, மற்ற இரண்டு பேரும் வரலாறு. வேதாகமத்தோடு வளர்ந்தது ஒருத்திதான், மற்ற மூன்று பேரும் சைவம். எஸ்றா நூலில் வருகிற அரச கடிதங்களைப் பற்றி எழுதச் சொல்லிக் கிறிஸ்தவ நாகரிகக்காரிக்கு ஒரு ரியூட் கிடைத்தது. “கடிதத்தில என்ன இருந்தது எண்டு சொல்லாமல், எந்த மொழியில எழுதினது எண்டு மட்டும் ஏனடி சொல்லுறாங்கள்?” என்று அவள் இரவு பதினொரு மணிக்குக் கேட்டாள். அந்தக் கேள்வியில் நாங்கள் எல்லாருமே மாட்டுப்பட்டோம்.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறோம். பாபிலோனுக்குச் சிறை கொண்டுபோகப்பட்ட யூதர்கள், கி.மு. 538 அளவில் பாரசீக அரசன் கோரேஸ் கொடுத்த அனுமதியோடு எருசலேமுக்குத் திரும்பி வருகிறார்கள். இடிந்த ஆலயத்தைக் கட்டத் தொடங்குகிறார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எஸ்றா நாலாம் அதிகாரம் முழுக்க அந்த எதிர்ப்பின் கதை. அந்த எதிர்ப்பு பெரும்பாலும் வந்தது கடிதமாகத்தான். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், பெட்டிசம்.

மொழி விசயத்துக்கும் காரணம் இருக்கிறது. பாரசீகப் பேரரசு எகிப்திலிருந்து நடு ஆசியா வரைக்கும் பரந்து கிடந்தது. அரசனுடைய மொழி பாரசீகம். ஆனால் கந்தோர் வேலைக்கு எல்லா இடமும் ஓடினது அரமேயம். பழைய தமிழ் வேதாகமம் அதைச் ‘சீரிய பாஷை’ என்று சொல்லும். எஸ்றா நூல் எபிரேயத்தில் தொடங்குகிறது. ஆனால் 4:8இல் இருந்து 6:18 வரைக்கும் நூலே அரமேயத்துக்கு மாறிவிடுகிறது. எங்கள் 4:7 அந்த எல்லையில் நிற்கிற வசனம். இனி வரப்போவது வீட்டு மொழி இல்லை, கந்தோர் மொழி என்று வாசலில் நின்று சொல்வது மாதிரி.

இதை வாசித்த அன்று எங்களில் ஒருத்தி தன்னுடைய அம்மம்மாவின் கதையைச் சொன்னாள். தாத்தா செத்த பிறகு அம்மம்மாவுக்கு ஓய்வூதியம் சம்பந்தமாக ஒரு கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். வீட்டில் ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது. நாலு வீடு தள்ளி, தென்பகுதியில் கன காலம் வேலை செய்துவிட்டு வந்த ஒரு மாஸ்ரர் இருந்தார். அம்மம்மா சீலை மாற்றிக்கொண்டு, கோயிலுக்குப் போகிற மாதிரி அவரிடம் போனா. அவர் மனசுக்குள் வாசித்துவிட்டு, “ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ, கலியாணச் சேர்டிபிக்கற் கேக்கினம், குடுத்தால் சரி” என்று சொல்லி அனுப்பினார். சொன்னது உண்மைதான். ஆனால் எத்தனையாம் திகதிக்கு முதல் கொடுக்கவேண்டும் என்றும் அந்தக் கடிதத்தில் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. மறந்திருப்பார். அம்மம்மா ஆறுதலாக எடுத்துக் கொடுத்தா. அதற்குப் பிறகு ஓய்வூதியம் வரக் கிட்டத்தட்ட ஒரு வருசம் பிடித்தது.

1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அது சட்டத்தில் இருக்கிறது. அம்மம்மாவின் கடிதத்தில் இருக்கவில்லை.

ஆனால் எஸ்றா நூலைத் தொடர்ந்து வாசித்தபோது எங்களுக்கு ஒரு விசயம் புதிதாகப்பட்டது. அம்மம்மா மட்டும் இல்லை, அரசனும் அப்படித்தான் இருந்திருக்கிறான். 4:18இல் அர்தசஷ்டா அனுப்பும் பதிலில், நீங்கள் அனுப்பின கடிதம் என் முன்னால் தெளிவாக வாசிக்கப்பட்டது என்கிற மாதிரி வருகிறது. அந்த அரமேயச் சொல்லுக்கு, ‘மொழிபெயர்த்து வாசிக்கப்பட்டது’ என்று பொருள் கொள்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். அப்படியென்றால் பேரரசனும் யாரோ ஒருவருடைய வாயை நம்பித்தான் இருந்தான். அந்த வாய் எதை விட்டது, எதை அழுத்திச் சொன்னது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம். 4:7இல் சொல்லப்பட்ட கடிதம் எங்களுக்குக் கிடைக்காவிட்டாலும், அடுத்த வசனத்தில் தொடங்குகிற கடிதம் முழுதாக இருக்கிறது. எழுதினவர்கள் ரெகூம் என்ற அதிகாரியும் சிம்சாய் என்ற எழுத்தரும். நகரத்தின் மதிலைக் கட்டுகிறவர்களைப் பற்றிய முறைப்பாடு அது. மிச்சம் கெட்டித்தனமான கடிதம். முதலில் தாங்கள் யார் யார், எந்தெந்த ஊர் ஆட்கள் என்று ஒரு நீளப் பட்டியல். தனி ஆள் எழுதவில்லை, கன பேர் சேர்ந்து எழுதுகிறோம் என்று காட்டத்தான். பிறகு, இந்த நகரம் கட்டி முடிந்தால் ஒருத்தரும் வரி கட்டமாட்டார்கள், அரசனுடைய வருமானம் போய்விடும் என்கிறார்கள். அரசனுக்கு எங்கே நோகும் என்று அவர்களுக்குத் தெரியும். பிறகு விசுவாசம்: நாங்கள் அரண்மனை உப்பைத் தின்கிறவர்கள், அதனால் பேசாமல் இருக்க முடியாமல் எழுதுகிறோம் என்கிறார்கள். கடைசியில், பழைய பதிவேடுகளைத் தேடிப் பாருங்கள், இந்த ஊர் எவ்வளவு கலகக்கார ஊர் என்று தெரியும் என்று முடிக்கிறார்கள்.

அரசன் தேடச் சொன்னான். தேடிப் பார்த்தால், எருசலேம் முந்தி அரசர்களுக்கு எதிராகக் கிளம்பினது உண்மை. ஆகவே வேலையை நிறுத்துங்கள், என்னிடமிருந்து மறு உத்தரவு வரும்வரை கட்டக்கூடாது என்று பதில் போட்டான். கடிதம் வாசிக்கப்பட்ட உடனே ரெகூமும் சிம்சாயும் எருசலேமுக்கு ஓடிப்போய் பலவந்தமாக வேலையை நிறுத்தினார்கள்.

வரலாறு படிக்கிற நாங்கள் இரண்டு பேரும் இதில் பொய் எங்கே என்று தேடினோம். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. வரியைப் பற்றிச் சொன்னது ஒரு ஊகம். பழைய கலகங்கள் நடந்தவை. உப்புத் தின்றதும் உண்மையாகத்தான் இருக்கும். பிறகுதான் எங்களுக்குப் பிடிபட்டது. கடிதம் முழுக்க, மதிலைக் கட்டிக்கொண்டிருந்த ஆட்களுடைய ஒரு சொல்லும் இல்லை. ஏன் கட்டுகிறீர்கள், யாரிடம் கேட்டுக் கட்டுகிறீர்கள் என்று ஒருத்தரும் அவர்களிடம் கேட்டதாக அதில் இல்லை.

இந்த இடத்தில் அறையில் கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. ஏனென்றால் அதற்கு இரண்டு மாதத்துக்கு முதல் நாங்களும் ஒரு பெட்டிசம் எழுதியிருந்தோம்.

எங்கள் பீடத்தின் பின்வாசலுக்குக் கிட்ட, மாமரத்துக்குக் கீழே, தகரக் கொட்டிலில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. நடத்தினவரை எல்லாரும் ‘கடை ஐயா’ என்றுதான் கூப்பிடுவோம். பிளேன்ரீ, வடை, ரோல்ஸ். காசு இல்லாத நாளில் கொப்பியில் எழுதுவார். ஒரு கிழமை எங்கள் பட்சில் ஒருத்திக்கு வயிற்றால் போய் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். முதல் நாள் அவள் அங்கே ரோல்ஸ் சாப்பிட்டவள். அதனால்தான் வந்தது என்று இன்றுவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு நல்லாத் தெரிந்த மாதிரி இருந்தது.

நாங்கள் நாலு பேரும் இருந்து எழுதினோம். கோப்பைகள் சில நாட்களில் சரியாகக் கழுவப்படுவதில்லை. விலைகள் எழுதிப் போடப்படவில்லை. பின்னேரங்களில் வெளி ஆட்களும் வந்து நிற்கிறார்கள். மாணவர்களின் சுகாதாரத்தில் அக்கறை கொண்டவர்கள் என்ற வகையில் இதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். அதுதான் எங்கள் அரண்மனை உப்பு. 58 பேர் கையொப்பம் வைத்தார்கள். முக்கால்வாசிப் பேர் வாசிக்காமலே வைத்தார்கள். அது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

“இங்கிலீசில குடுத்தால் கெதியா நடக்கும்” என்று ஒரு சீனியர் அண்ணா சொன்னார். மொழிபெயர்ப்புப் படிக்கிறவள் அரை மணித்தியாலத்தில் மாற்றித் தந்தாள். மாற்றும்போது ‘சில நாட்களில்’ என்ற இரண்டு சொல் விடுபட்டுப் போனது. வேணுமென்று விட்டதா, வசனம் வடிவாக வரட்டும் என்று விட்டதா என்று அவளுக்கே இப்போது தெரியாதாம். தமிழில் சில நாள் கழுவாத கோப்பை, ஆங்கிலத்தில் ஒருநாளும் கழுவாத கோப்பையாகிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் அதை வாசித்துவிட்டுத்தான் கொடுத்தோம்.

பன்னிரண்டு நாளில் கொட்டில் கதவில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. மறு அறிவித்தல் வரும்வரை மூடப்பட்டுள்ளது. நாங்கள் அதைப் படமெடுத்து வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் போட்டோம்.

எஸ்றா ரியூட் முடியவில்லை. ஐந்தாம் ஆறாம் அதிகாரங்களில் இன்னொரு கடிதம் வருகிறது. புத்தகத்தில் பின்னுக்கு வந்தாலும் காலத்தால் இது முந்தினது. தரியு அரசனின் இரண்டாம் ஆண்டு, கி.மு. 520. (அர்தசஷ்டா அரசனானது கி.மு. 465இல். எதிர்ப்புக் கடிதங்களை ஒரே இடத்தில் அடுக்கியதால் நாலாம் அதிகாரத்தில் காலம் முன்பின்னாகக் கிடக்கிறது. நாங்கள் இதில் ஒரு இரவு முழுக்கக் குழம்பினோம்.) அப்போது அந்தப் பகுதிக்கு அதிபதி தத்னாய் என்பவர். கி.மு. 502ஐச் சேர்ந்த ஒரு பாபிலோனியக் களிமண் பலகையிலும் அவருடைய பெயர் அதே பதவியோடு இருக்கிறது.

ஆலய வேலை திரும்பத் தொடங்கினதும் தத்னாய் நேரே அந்த இடத்துக்குப் போகிறார். யார் உங்களுக்கு அனுமதி தந்தது என்று கேட்கிறார். பெயர்களைக் கேட்கிறார். பிறகு அரசனுக்கு எழுதுகிறார். அந்தக் கடிதத்தில், தான் கண்ணால் கண்டதை எழுதுகிறார்: பெரிய கல்லால் கட்டுகிறார்கள், சுவரில் மரம் வைக்கிறார்கள், வேலை கவனமாக நடக்கிறது. அவர்கள் சொன்ன பதிலை அவர்கள் வாயால் வந்த மாதிரியே நீளமாக எழுதுகிறார். கோரேஸ் அரசன் அனுமதி தந்ததாகச் சொல்கிறார்கள், அப்படி ஒரு கட்டளை இருக்கிறதா என்று பதிவேட்டில் தேடிப் பாருங்கள் என்று முடிக்கிறார். அவர் யூதர்களின் பக்கம் நின்று எழுதவில்லை. எதிர்ப்பக்கமும் நிற்கவில்லை. பதில் வரும்வரை வேலையை நிறுத்தவும் இல்லை.

இரண்டு கடிதமும் பதிவேட்டைத் தேடச் சொல்கின்றன. ரெகூம் தனக்குத் தேவையானது அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு தேடச் சொன்னார். தத்னாய், இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தேடச் சொன்னார்.

பாபிலோனில் தேடினார்கள். கடைசியில் மேதிய நாட்டு அக்மேதா பட்டணத்தில்தான் ஒரு சுருள் அகப்பட்டது. ஆலயம் கட்டலாம், அறுபது முழ உயரம், அறுபது முழ அகலம், செலவு அரண்மனையில் இருந்து என்று அதில் இருந்தது. தரியு அதை ஏற்றுக்கொண்டு, செலவை அந்தப் பகுதியின் வரியிலேயே கொடுக்கச் சொன்னான். கி.மு. 515இல் ஆலயம் கட்டி முடிந்தது. மதிலுக்கும் பிறகு ஒரு கதை உண்டு. கி.மு. 445இல், முந்தி நிறுத்தச் சொன்ன அதே அர்தசஷ்டா நெகேமியாவை எருசலேமுக்கு அனுப்பினான். நெகேமியாவும் சும்மா போகவில்லை. வழியில் உள்ள அதிபதிகளுக்கு ஒரு கடிதம், மரம் வாங்க வனக்காவலன் ஆசாப்புக்கு ஒரு கடிதம் என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்.

ரியூட்டைக் கொடுத்த அடுத்த நாள் நாங்கள் வாச்சர் அண்ணையிடம் விலாசம் கேட்டுக் கடை ஐயாவின் வீட்டுக்குப் போனோம். என்ன கதைப்பது என்று பஸ்ஸுக்குள் யோசித்த ஒன்றும் அங்கே வாயில் வரவில்லை. “நாங்கள்தான் ஐயா எழுதினது” என்று மட்டும் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். “தெரியும் பிள்ளையள். இருங்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பிஸ்கற் ரின்னை எடுத்துக்கொண்டு வந்தார்.

ரின்னுக்குள் கடிதங்களின் போட்டோக் கொப்பி. மூன்று கடிதம், மூன்றும் அவர் எழுதினது. கொட்டிலுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, திருத்தித் தரவும். முதலாவது எங்கள் பெட்டிசத்துக்கு எட்டு மாதத்துக்கு முந்தினது. இரண்டாவதில் பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையும் இருந்தது. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. “வீட்டில இருந்து கானில தண்ணி கொண்டு வந்தனான். ரெண்டு கான்தான் சைக்கிளில கட்டலாம். சனம் கூடின நாளில மத்தியானத்தோட முடிஞ்சுபோம்” என்றார்.

சில நாட்களில். நாங்கள் விட்டது அந்த இரண்டு சொல்லைத்தான்.

ரியூட்டுக்காக வாசித்தபோது எகிப்தில் யேப் என்ற தீவில் இருந்த யூதர்களைப் பற்றியும் படித்தோம். அவர்களுடைய ஆலயம் கி.மு. 410இல் இடிக்கப்பட்டது. உதவி கேட்டு எழுதினார்கள், பதில் இல்லை. கி.மு. 407இல் யூதேயாவின் ஆளுநருக்குத் திரும்ப எழுதினார்கள், அரமேயத்தில்தான். முதல் எழுதினதற்குப் பதில் வரவில்லை என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதினார்கள். அதன் பிரதிகள் இரண்டு அந்தத் தீவிலேயே கிடைத்திருக்கின்றன. அனுப்பினவர்கள் தங்கள் கையில் பிரதி வைத்திருந்தபடியால்தான், 2400 வருசம் கழித்து அவர்களுடைய கதை எங்களுக்குத் தெரிகிறது. பிஸ்கற் ரின்னைப் பார்த்தபோது எங்களுக்கு அதுதான் நினைவு வந்தது. ஆளுநரின் பதிவேட்டில் இல்லாதது சில நேரம் எழுதினவரின் வீட்டு அலுமாரியில் இருக்கும்.

அன்றிரவு இரண்டாவது கடிதத்தை எழுதத் தொடங்கினோம். முதல் கடிதத்தின் திகதியைப் போட்டு, அதில் எந்த வசனம் பிழை, எந்தச் சொல் விடுபட்டது என்று எழுதினோம். விலை எழுதிப் போடாதது உண்மை, அதை அப்படியே விட்டோம். ஐயா சொன்னதை அவர் சொன்னபடி எழுதினோம். அவருடைய மூன்று கடிதத்தையும் இணைத்தோம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த மூன்று கடிதத்துக்கும் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்டுத் தனியாக ஒரு விண்ணப்பமும் எழுதினோம். பதிவேட்டைத் தேடச் சொல்ல இப்போது அரசனுக்கு எழுதவேண்டியதில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். இந்த முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தோம். முந்திக் கையொப்பம் வைத்த 58 பேரிடமும் போனோம். 31 பேர் வைத்தார்கள், இந்த முறை வாசித்துவிட்டு. மற்றவர்கள் “முடிஞ்ச விசயத்தை ஏன் இப்ப கிண்டுறியள்” என்றார்கள். எங்களுக்கு அவர்களோடு சண்டை பிடிக்க முகம் இல்லை. முதல் கிண்டினது நாங்கள்தானே.

கொடுக்க முதல் ஐயாவுக்கு வாசித்துக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். அம்மம்மாவும் அந்த மாஸ்ரருக்கு முன்னால் இப்படித்தான் இருந்திருப்பா. அவர் ஒரு இடத்தில் மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார். ‘வறிய குடும்பத்தைச் சேர்ந்த இவர்’ என்று நாங்கள் ஒரு வசனம் எழுதியிருந்தோம். மனம் இரங்கட்டும் என்று போட்டது.

“அதை வெட்டுங்கோ பிள்ளையள். நான் இரக்கம் கேக்கேல்லை. தண்ணி கேட்டனான்.”

வெட்டினோம். அவர் பக்கம் நின்று எழுதும்போதும் அவரைக் கேட்காமல்தான் எழுதியிருக்கிறோம்.

கடிதத்தைக் கொடுத்து, எங்கள் கொப்பியில் திகதி முத்திரை குத்தித் தரும்வரைக்கும் கவுண்டரில் நின்றோம். ஐந்து கிழமையில் பதில் வந்தது, ஒரு வரி: விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது. தகவல் விண்ணப்பத்துக்கும் பதில் வந்தது. மூன்று கடிதத்தில் ஒன்றுதான் கோவையில் இருக்கிறதாம். மற்ற இரண்டும் பிஸ்கற் ரின்னில் மட்டும்தான் இருக்கின்றன.

இப்போது அறையில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாரைப் பற்றியாவது எங்காவது எழுதவேண்டி வந்தால், அது பீடத்துக்கு எழுதுகிற கடிதமாக இருந்தாலும் வட்ஸ்அப் குறூப்பில் போடுகிற நாலு வரியாக இருந்தாலும், அனுப்ப முதல் யாராவது ஒருத்தி கேட்பாள்: “அவையிட்டக் கேட்டாச்சா?” சில நேரம் எரிச்சலாக இருக்கும். கன விசயம் அனுப்பப்படாமலே போய்விடுகிறது.

போன மாதம் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த குழாயைத் திருத்திவிட்டார்கள். திறந்தால் தண்ணீர் நல்லா வருகிறது. கொட்டில் கதவில் அந்த அறிவித்தல் இன்னும் ஒட்டியபடிதான் இருக்கிறது, மழையில் எழுத்துக் கரைந்து. கடை ஐயா பஸ் ஹோல்ற்றடியில் சைக்கிளில் வடை விற்கிறார். நாங்கள் அங்கேதான் வாங்குகிறோம். விலையை ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். இரண்டாவது கடிதத்தின் கொப்பி ஒன்று அவருடைய ரின்னுக்குள் இருக்கிறது. முதலாவதின் கொப்பியையும் நாங்கள்தான் கொடுத்தோம். அதுவும் அங்கே இருக்கவேண்டும்.